டாங்லாருக்கு மட்டும் ஏன் மன்னிப்பு?

பழிவாங்கும் கதை என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ நாவல்தான். பாரிஸில் ஒரு நாளிதழில் 1844 ஆகஸ்டில் தொடராக ஆரம்பித்து 1846 ஜனவரி வரை வந்தது. மொத்தம் 117 அத்தியாயங்கள். செய்த தப்புக்கு ஏற்ற தண்டனை அதில் எல்லோருக்கும் கச்சிதமாகக் கிடைத்துவிடுகிறது என்று பேச்சு. எனக்கு அதில் சந்தேகம் உண்டு. எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்தவன் டாங்லார். கடைசியில் சாகாமல், பைத்தியம் பிடிக்காமல், கையில் 50,000 ஃபிராங்க் பணத்தோடு எழுந்து போகிறவனும் அவன்தான். இதில் என்ன கச்சிதம்?

(கதைக்கு 180 வயது ஆகிறது. முடிவைச் சொல்லிவிட்டாயே என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது.)

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். 1815 பிப்ரவரி, மார்செய் துறைமுகம். எட்மண்ட் டான்டெஸுக்குப் பத்தொன்பது வயது, ஃபாரோன் என்ற கப்பலில் துணை அதிகாரி. கேப்டன் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோக, கப்பலை இவன்தான் கரை சேர்க்கிறான். முதலாளி மொரெல் இவனையே கேப்டனாக்கிவிடலாம் என்று இருக்கிறார். மெர்சிடிஸோடு கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. இது இரண்டு பேருக்குப் பொறுக்கவில்லை. ஒருவன் அதே கப்பலில் சரக்குக் கணக்குப் பார்க்கும் டாங்லார், இன்னொருவன் மெர்சிடிஸின் மேல் ஆசை வைத்திருக்கும் அவளுடைய சொந்தக்காரன் ஃபெர்னாண்ட், மீனவன். சாகப்போகிற கேப்டனுக்குக் கொடுத்த வாக்குக்காக, நெப்போலியனைச் சிறை வைத்திருந்த எல்பா தீவில் இறங்கி ஒரு கடிதத்தை வாங்கி வந்திருக்கிறான் டான்டெஸ். அதற்குள் என்ன இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. டாங்லாருக்கு அது போதுமாக இருந்தது.

அந்த மொட்டைக் கடிதாசி எழுதப்படும் இடம்தான் நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஊருக்கு வெளியே ஒரு சாராயக் கடை, கொடிப்பந்தலின் கீழ் மேசை. டாங்லார், ஃபெர்னாண்ட், அப்புறம் டான்டெஸின் அண்டை வீட்டுக்காரனான தையல்காரன் கதரூஸ். கதரூஸுக்குப் போதை தலைக்கேறிவிட்டது. டாங்லார் பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டு, எழுத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி, அரசு வழக்கறிஞருக்கு நாலு வரி எழுதிக் காட்டுகிறான். இப்படியும் செய்யலாம், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், நல்ல பையன், அவனுக்குப் போய்க் கெடுதல் நினைப்போமா என்று சொல்லிக்கொண்டே தாளைக் கசக்கிப் பந்தலின் மூலையில் எறிகிறான். கதரூஸின் கையைப் பிடித்து ஊர்ப் பக்கம் நடக்கிறான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், ஃபெர்னாண்ட் குனிந்து அந்தத் தாளை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான். கடிதத்தை அனுப்பியது நானில்லை என்று டாங்லார் கோயிலில் சூடம் அடித்தே சத்தியம் செய்யலாம். அத்தனை சுத்தமான வேலை.

நிச்சயதார்த்த விருந்தின் நடுவிலேயே டான்டெஸைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். விசாரிக்கிற இளம் அரசு வழக்கறிஞர் வில்ஃபோர் கெட்ட மனுஷனாகத்தான் ஆரம்பிக்கிறார் என்று சொல்ல முடியாது, பையன் அப்பாவி என்று புரிந்து விடுவிக்கவே இருந்தார். எல்பாவிலிருந்து வந்த கடிதத்தின் மேல் இருந்த பெயர் நுவார்த்தியே, அவருடைய சொந்த அப்பா. அது வெளியே தெரிந்தால் மன்னராட்சியில் தன் எதிர்காலம் காலி. ‘உனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியை அழித்துவிட்டேன், பார்’ என்று அவன் கண் முன்னாலேயே கடிதத்தைக் கொளுத்திவிட்டு, அவனைக் கடல் நடுவில் இருக்கும் இஃப் கோட்டைச் சிறைக்கு அனுப்புகிறார். டான்டெஸ் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான்! அதற்குப் பிறகு நடப்பது இன்னும் மோசம். நெப்போலியன் திரும்பி வந்து ஆண்ட அந்த நூறு நாளில், டான்டெஸை விடுவிக்கச் சொல்லி மொரெல் மனு கொடுக்க வருகிறார். அவன் நெப்போலியனுக்காக எவ்வளவு உழைத்தவன் என்று நன்றாக மிகைப்படுத்தி எழுதுங்கள் என்று வில்ஃபோரே சொல்லிக் கொடுத்து, வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார். ராஜா மறுபடி வந்ததும் அதே மனு டான்டெஸுக்கு எதிரான அத்தாட்சி ஆகிறது.

பதினாலு வருஷம். அப்பா பட்டினி கிடந்து சாகிறார், மெர்சிடிஸ் ஃபெர்னாண்டைக் கட்டிக்கொள்கிறாள். உள்ளே இருந்த ஃபாரியா பாதிரியார்தான், உன் இடத்துக்கு யார் ஆசைப்பட்டார்கள், உன் கல்யாணத்தை யார் விரும்பவில்லை, அந்தக் கையெழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நடந்ததைச் சிறைக்குள் உட்கார்ந்தே கண்டுபிடித்துக் கொடுக்கிறார். கொடுத்த கையோடு வருத்தமும் படுகிறார். உன் மனசில் இல்லாத ஒன்றை, பழி என்கிற ஒன்றை, நான் உள்ளே போட்டுவிட்டேன் என்கிறார். டான்டெஸ் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுகிறான். பாதிரியார் இறந்ததும் அவருடைய பிணத்துணிக்குள் புகுந்து, காலில் இரும்புக் குண்டு கட்டிக் கடலில் எறியப்பட்டு, தப்பித்து, மாண்டி கிறிஸ்டோ தீவில் அவர் சொன்ன புதையலை எடுத்து, ஒன்பது வருஷம் கழித்துப் பாரிஸில் மாண்டி கிறிஸ்டோ பிரபு என்ற பெயரில் வந்து இறங்குகிறான். இதற்குள் டாங்லார் பெரிய வங்கிக்காரன், ஃபெர்னாண்ட் ஜெனரல் மோர்செர்ஃப் பிரபு, வில்ஃபோர் பாரிஸின் தலைமை அரசு வழக்கறிஞர்.

தண்டனை பற்றிப் பிரபுவுக்கு ஒரு கொள்கை இருக்கிறது, அதைப் பாரிஸுக்கு வருவதற்கு முன்னாலேயே ரோமில் சொல்லிவிடுகிறார். 1838 கார்னிவல் சமயம். ஃபிரான்ஸ், ஆல்பெர் என்ற இரண்டு இளைஞர்களோடு காலைச் சாப்பாடு. ஆல்பெர் யார் என்றால் ஃபெர்னாண்டின் மகன், அதனால் அவனோடு சாப்பிடுவதே திட்டத்தில் ஒரு பகுதிதான். ஒருவன் உங்கள் அப்பாவையோ அம்மாவையோ காதலியையோ பல வருஷம் அணு அணுவாகச் சித்திரவதை செய்திருக்கிறான், அவன் கழுத்தில் கத்தி ஒரு நொடி இறங்கினால் கணக்கு நேராகிவிடுமா என்று கேட்கிறார். மெதுவாக, ஆழமாக, முடிவில்லாமல் அனுபவித்த வலிக்கு முடிந்தால் அதே மாதிரி வலியைத்தான் திருப்பிக் கொடுப்பேன் என்கிறார். சாப்பிட்டு முடித்ததும் மூவரும் சதுக்கத்தைப் பார்த்த சன்னலில் உட்கார்ந்து மரண தண்டனை பார்க்கிறார்கள். இரண்டு குற்றவாளிகளில் ஒருவனுக்கு மன்னிப்பு வருகிறது (அதற்கு ஏற்பாடு செய்ததே பிரபுதான்). அதுவரை அமைதியாக வந்த இன்னொருவன், கூட வந்தவன் சாகப்போவதில்லை என்று தெரிந்த நிமிஷம் வெறி பிடித்ததுபோல் புரளுகிறான், அவனும் சாகணும், நான் மட்டும் எப்படி என்று கத்துகிறான். இதுதான் மனுஷன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரபு சிரிக்கிறார்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்போம். பிரபுவுக்கு அரசன் வேலையில் விருப்பமே இல்லை. அவருக்கு வேண்டியது நின்று கொல்லும் வேலை.

சரி, அதைச் செய்தாரா என்றால், இங்கேதான் டூமாவின் கெட்டிக்காரத்தனம். எட்மண்ட் டான்டெஸுக்குச் செய்த துரோகத்துக்காக இந்த நாவலில் யாருமே ஊர் முன்னால் மாட்டுவதில்லை. எல்லோரும் அதற்கப்புறம் செய்த வேறு தப்புகளில்தான் மாட்டுகிறார்கள். ஃபெர்னாண்ட் கிரேக்க நாட்டு யானினாவில் தன்னை நம்பிய அலி பாஷாவைத் துருக்கியரிடம் காட்டிக்கொடுத்து, அவருடைய மனைவியையும் மகள் ஹைடியையும் அடிமைகளாக விற்றவன். (அலி பாஷா நிஜ மனிதர், 1822-இல் கொல்லப்பட்டவர், இந்தத் துரோகம் மட்டும் டூமாவின் கற்பனை.) அந்த ஹைடியே வளர்ந்து பெரியவளாகி, தன்னை விற்ற பத்திரத்தோடு பிரபுக்கள் சபையில் வந்து நிற்கிறாள், அவன் மானம் போகிறது. வில்ஃபோர் கள்ள உறவில் பிறந்த குழந்தையை உயிரோடு தோட்டத்தில் புதைத்தவர். அந்தக் குழந்தை பிழைத்து, கொலைகாரனாக வளர்ந்து, அவர் வாதாடும் நீதிமன்றத்திலேயே, என் அப்பா இதோ இந்த அரசு வழக்கறிஞர்தான் என்று சொல்கிறது. பிரபு பொய்ச் சாட்சி எதுவும் உருவாக்குவதில்லை, புதைத்ததைத் தோண்டி எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். அதனால் நமக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் கை தட்ட முடிகிறது.

இதில் உள்ள ஓட்டையை ஒரே ஆள்தான் கண்டுபிடிக்கிறாள், மெர்சிடிஸ். எல்லோரும் பிரபு, பிரபு என்று கும்பிடும்போது, குரலைக் கேட்டே இவன் யார் என்று முதல் நாளே தெரிந்துகொண்டவள் அவள். அவமானத்தைத் துடைக்க மகன் ஆல்பெர் பிரபுவை ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கு அழைத்துவிடுகிறான், அந்த இரவு அவள் தனியாக வந்து நிற்கிறாள். யானினாவுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம், ஃபெர்னாண்ட் பாஷாவைக் காட்டிக்கொடுத்ததில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறாள். அவரும் ஒத்துக்கொள்கிறார்: எனக்குச் சம்பந்தமில்லைதான், அது ஹைடியின் வழக்கு, நான் பழிவாங்குவது மெர்சிடிஸின் புருஷனான மீனவன் ஃபெர்னாண்டை. அப்புறம் சிறைக் கோப்பிலிருந்து எடுத்துவைத்திருந்த அந்தப் பழைய மொட்டைக் கடிதாசியை நீட்டுகிறார். மை பழுப்பேறிப் போயிருக்கிறது. அத்தனை வருஷமும் அவள் எதனால் தன் எட்மண்ட் காணாமல் போனான் என்றே தெரியாமல், அதற்குக் காரணமானவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே முதல் எண்ணூறு பக்கத்தைப் படிக்கலாம். மகனை விட்டுவிடுகிறேன் என்கிறார். விட்டால் தான் சாக வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் சொல்கிறார். பழியின் முதல் விரிசல் அங்கேதான் விழுகிறது.

ஆனால் கதரூஸின் கதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவன் செய்த குற்றம் என்ன? குடித்திருந்தான், அப்புறம் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான். பாதிரியார் வேஷத்தில் போன டான்டெஸ், அவனிடமிருந்து நடந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு, 50,000 ஃபிராங்க் மதிப்புள்ள வைரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிறார். பரிசா, தூண்டிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அன்று இரவே அந்த வைரத்துக்காக வீட்டில் கொலை விழுகிறது, நகை வியாபாரி செத்து, கதரூஸின் மனைவியும் செத்து, அவன் சிறைக்குப் போகிறான். பின்னால் பிரபுவின் வீட்டுக்கே திருட வருகிறான். வெளியே கூட்டாளி கத்தியோடு காத்திருப்பான் என்று பிரபுவுக்குத் தெரியும். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் கடவுள் உன்னை மன்னித்தார் என்று நானும் மன்னிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைக்கிறார். அவன் போய்ச் சேரவில்லை. நாலு பேரில் சின்னத் தப்புக்குக் கத்திக்குத்து.

ஏன் அப்படி? கதரூஸ் செத்த சமயத்தில் பிரபுவுக்குத் தன் மேல் சந்தேகமே இல்லை. என் கட்சி இதுதான்: இந்த நாவலில் தண்டனையின் அளவைத் தீர்மானிப்பது குற்றத்தின் அளவு இல்லை, தண்டனை கொடுக்கிறவருக்கு அன்றைக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கையின் அளவு. நம்பிக்கை முழுசாக இருந்தபோது கதரூஸ். கொஞ்சம் ஆட்டம் கண்டபோது ஃபெர்னாண்ட். அவன் எதிரே மாலுமிச் சட்டையும் தொப்பியும் போட்டு வந்து நிற்கிறார் பிரபு, ‘எட்மண்ட் டான்டெஸ்’ என்று அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினவன், மனைவியும் மகனும் வண்டியேறிப் போவதைப் பார்த்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். வில்ஃபோர் வீட்டில் அந்த நம்பிக்கை மொத்தமாக உடைகிறது.

வில்ஃபோரின் இரண்டாவது மனைவி எலோயிஸுக்கு விஷங்களில் ஆர்வம். பிரபு அவளிடம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகினால் விஷம் ஏறாமல் இருப்பது எப்படி என்றெல்லாம் நிதானமாகப் பேசிவிட்டுப் போகிறார். அதன் பிறகு அந்த வீட்டில் வரிசையாகச் சாவு. வில்ஃபோரின் முதல் மனைவியுடைய அப்பா, அம்மா, கிழவர் நுவார்த்தியேயின் வேலைக்காரன். மொரெலின் மகன் மாக்ஸிமிலியன் பிரபுவிடம் ஓடி வந்து, அந்த வீட்டில் யாரோ கொல்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள் என்கிறான். பிரபு அசையவில்லை. கடவுள் தண்டிக்கிற வீடு, உனக்கென்ன என்கிறார். நான் வில்ஃபோரின் மகள் வலன்தீனைக் காதலிக்கிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான் மனுஷன் ஆடிப்போகிறார். அரை மணி நேரம் முன்னால்வரை செத்தால் சாகட்டும் என்றிருந்த பெண், தனக்குப் பிடித்த பையனின் காதலி என்று தெரிந்ததும் காப்பாற்றப்பட வேண்டியவள் ஆகிவிடுகிறாள். அந்த வேலைக்காரனை யாரும் காதலித்திருந்தால் அவனும் பிழைத்திருப்பான் போல. தெய்வத்தின் கருவி என்று தன்னைச் சொல்லிக்கொள்பவருக்கு இது கொஞ்சம் இடிக்கிற விஷயம்.

அப்புறம் எதுவார். எலோயிஸின் மகன், விளையாட்டுத்தனமும் திமிருமான சின்னப் பையன். நீதிமன்றத்தில் மானம் போன வில்ஃபோர், விஷம் வைத்தது அவள்தான் என்று தெரிந்து காலையில் மனைவியைத் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னது நினைவுக்கு வந்து, நாம் மட்டும் யோக்கியமா, மன்னித்துவிடலாம் என்று வீட்டுக்கு விரைகிறார். அவளும் பையனும் செத்துக் கிடக்கிறார்கள். நல்ல தாய் மகனை விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று எழுதி வைத்திருக்கிறாள். அங்கே வந்து தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளும் பிரபுவை வில்ஃபோர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இரண்டு பிணங்களையும் காட்டுகிறார். பார் எட்மண்ட் டான்டெஸ், உன் பழி தீர்ந்ததா? பிரபு பையனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு உயிர் வருமா என்று பார்க்கிறார். வரவில்லை. வெளியே வந்தால் வில்ஃபோர் மண்வெட்டியோடு தோட்டத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார், பைத்தியம்.

டூமாவுக்கு இந்தக் கதைக்கான எலும்புக்கூடு கிடைத்தது பாரிஸ் போலீஸ் ஆவணக் காப்பாளராக இருந்த ஜாக் பெஷே எழுதிவைத்ததிலிருந்து. பிக்கோ என்ற செருப்புத் தைப்பவனை, அவன் கல்யாணத்தில் பொறாமைப்பட்ட நண்பர்கள் 1807-இல் இங்கிலாந்து உளவாளி என்று மாட்டிவிட, ஏழு வருஷம் சிறையிலிருந்து வந்து ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். அதில் எவ்வளவு நிஜம் என்பது வேறு பேச்சு. பிக்கோ கத்தியைத் தானே எடுக்கிறான், கடைசியில் அவனையும் ஒருவன் கொல்கிறான். டூமா கத்தியைப் பிடுங்கிவிட்டார். கை சுத்தம், ஆனால் பிணங்களின் எண்ணிக்கை குறையவில்லை.

எதுவார் செத்த பிறகு, கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சந்தேகம் தாங்காமல் இஃப் கோட்டைக்கே போகிறார், இப்போது சுற்றுலாப் பயணியாக. வழிகாட்டி அவரிடமே அவர் கதையைச் சொல்கிறான். துணிப் பட்டைகளில் எழுதிய ஃபாரியாவின் கையெழுத்துப் பிரதி கிடைக்கிறது, அதன் முதல் வரி: நீ டிராகனின் பற்களைப் பிடுங்குவாய், சிங்கங்களைக் காலில் மிதிப்பாய் என்கிறான் ஆண்டவன். இதோ பதில் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகக் கிளம்பிவிடுகிறார்! எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்தும். ஒரு குழந்தையின் பிணத்துக்கு ஒரு வரி சமாதானமா? பழி வேண்டாம் என்று வருத்தப்பட்ட அதே பாதிரியாரின் ஏட்டை வைத்தே இந்தச் சமாதானம். டூமா தொடரை முடிக்கிற அவசரத்தில் இருந்திருக்கலாம்.

சமாதானம் உண்மையில் வேலை செய்யவில்லை என்பது டாங்லார் விஷயத்தில்தான் தெரிகிறது. அவனை முதலிலிருந்தே பணத்தில்தான் அடித்துக்கொண்டு வருகிறார். பாரிஸுக்கு வெளியே மோன்லெரியில் ஒரு கைகாட்டிக் கோபுரம், மரக் கைகளை ஆட்டி ஊருக்கு ஊர் செய்தி அனுப்புவது. அங்கே இருக்கும் அப்பாவி ஊழியனுக்குத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி வளர்ப்பது ஒன்றுதான் உலகம். 25,000 ஃபிராங்க் கொடுத்து, ஸ்பெயினில் கலகம் என்று ஒரே ஒரு பொய்ச் செய்தியை ஆட்டவைக்கிறார் பிரபு. டாங்லார் தன் ஸ்பெயின் கடன் பத்திரங்களை அடித்துப் பிடித்து விற்கிறான். மறுநாள் செய்தி பொய் என்று தெரிகிறது, எல்லாம் சேர்த்து அவனுக்குப் பத்து லட்சம் அடி. கடைசியில் மருத்துவ அறநிலையங்களுக்குச் சேர வேண்டிய ஐம்பது லட்சத்தைச் சுருட்டிக்கொண்டு ரோமுக்கு ஓடுகிறான். அங்கே லூயிஜி வாம்பாவின் கொள்ளைக் கூட்டம் அவனைப் பிடித்து, பாதாளக் கல்லறைக்குள் அடைக்கிறது. அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. பசித்தால் சாப்பாடு உண்டு, ஒரு கோழி ஒரு லட்சம் ஃபிராங்க்.

முதல் நாள் அவன் பேரம் பேசுகிறான், பாவம், வங்கிக்காரன் அல்லவா. ரொட்டி மட்டும் கொடுங்கள் என்கிறான், எது கேட்டாலும் அதே விலை. ஐம்பது லட்சமும் வயிற்றுக்குள் போகிறது. அதற்கு மேல் கையில் இருந்த 50,000 மட்டும் மிஞ்சும்போது அதைக் கொடுக்க மனமில்லாமல் பட்டினி கிடந்து, கெஞ்சி, தவழுகிறான். எட்மண்டின் அப்பா பட்டினியால் செத்தவர். இந்த நாவலில் குற்றத்துக்கு உண்மையிலேயே பொருத்தமான தண்டனை என்று நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான். பணத்தையும் பசியையும் அவனுக்குள்ளேயே மோதவிட்டார்கள், பக்கத்தில் இருந்த ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. ஆனால் அதையும் முடிக்காமல் நிறுத்திவிடுகிறார். நீ யாரை விற்றாயோ, யாருடைய அப்பாவைப் பட்டினி போட்டுக் கொன்றாயோ, அவன் உன்னை மன்னிக்கிறான், ஏனென்றால் அவனுக்கே மன்னிப்பு தேவைப்படுகிறது என்கிறார். டாங்லார் நல்லவனாகிவிட்டதால் கிடைத்த மன்னிப்பு இல்லை இது. எதுவாருக்குக் கட்ட வேண்டிய கடனை டாங்லாரிடம் கட்டுகிறார். வரிசையில் கடைசியாக நின்றது டாங்லாரின் அதிர்ஷ்டம். வில்ஃபோர் வீட்டுக்கு முன்னால் அவன் முறை வந்திருந்தால் அந்தக் கல்லறையிலேயே செத்திருப்பான்.

அப்போது பிரபு இன்னொன்றும் சொல்கிறார். உன் மற்ற இரண்டு கூட்டாளிகளுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை, ஒருவனுக்குப் பைத்தியம், ஒருவன் செத்துவிட்டான் என்கிறார். இரண்டு கூட்டாளிகள். வில்ஃபோர், ஃபெர்னாண்ட். கதரூஸ் கணக்கிலேயே இல்லை. கணக்கில் இல்லாதவன் எதற்குச் செத்தான் என்று நாவலில் யாரும் கேட்பதில்லை.

திருடிய ஐம்பது லட்சம் உரிய இடத்துக்கு ஏற்கெனவே திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டது, மிச்சம் இருக்கும் 50,000-ஐ நீயே வைத்துக்கொள் என்று அனுப்பிவிடுகிறார். கதரூஸுக்குக் கொடுத்த வைரத்தின் மதிப்பும் அதேதான். அந்தத் தொகையை அன்றைக்குச் சோதனையாகக் கொடுத்தவர், இன்றைக்கு எந்தச் சோதனையும் வைக்காமல் கொடுத்துவிட்டுப் போகிறார். டாங்லார் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்று டூமா எழுதவில்லை. இத்தாலியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் வட்டிக்கடை போட்டிருப்பான் என்பது என் ஊகம், அதுவும் நன்றாகவே நடந்திருக்கும்.